காணாமல் போக வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'எதிர்காலத்தில் நீங்கள் மிகவும் பார்க்க விரும்புவது எது?' என்று கேட்டு, வாசகர்களின் பதில்களைச் சில வாரங்களாக வெளியிட்டு வருகிறீர்கள். ஒன்று விடாமல் படித்தேன். பறக்கும் கார் கேட்டவர்கள் நிறையப் பேர். நிலாவில் வீடு, வீட்டு வேலை எல்லாம் செய்யும் ரோபோ, சாகா மருந்து, வேற்றுக்கிரகவாசி என்று வரிசை நீள்கிறது. ஒரு சிறுவன் டைனோசரைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தான். அவன் பதில்தான் எனக்குப் பிடித்தது. மற்ற எல்லோரும் புதிதாக ஏதோ வேண்டும் என்கிறார்கள். அவன் ஒருவன்தான் அழிந்துபோன ஒன்றை நினைத்துப் பார்த்திருக்கிறான். நானும் அழிவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அவன் திரும்பி வரட்டும் என்கிறான், நான் ஒழிந்து போகட்டும் என்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். பணிக்காலத்தின் பெரும்பகுதி தடுப்பூசிப் பிரிவில் கழிந்தது. என் வெள்ளை உடையைக் கண்டதும் அழ ஆரம்பிக்கும் குழந்தைகளின் முகங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே என் ஆசையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. 'நோயற்ற உலகம்' என்று பொதுவாகச் சொன்னால் அது மேடைப் பேச்சாகிவிடும். எல்லா நோயும் போகாது, அது எனக்குத் தெரியும். பெயர் சொல்லிக் கேட்கிறேன்: நரம்புச்சிலந்தி என்ற புழு நோய், போலியோ, தட்டம்மை, வெறிநாய்க்கடி. இவை நான்கும் இல்லாத உலகம் எனக்கு வேண்டும். இது கனவு இல்லை, நடக்கக்கூடிய காரியம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறதே. என் இடது புஜத்தில் ஒரு வடு இருக்கிறது. பெரியம்மைத் தடுப்பூசியின் வடு. என் வயதுக்காரர்கள் பலரிடமும் அதைப் பார்க்கலாம். என் பேத்தியின் கையில் அது இல்லை. "இது என்ன பாட்டி, யாராவது கடித்துவிட்டார்களா?" என்று கேட்டாள். பெரியம்மை என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அதில் அத்தனை மகிழ்ச்சி.

அவளுக்குப் புரியாத அந்த நோய் 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றதாகக் கணக்கிடுகிறார்கள். பிடித்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு முகத்தில் தழும்பு. சிலருக்குக் கண் போனது. எட்வர்டு ஜென்னர் 1796-இல் முதல் தடுப்பூசியைப் போட்டார். அது வந்தும் 170 ஆண்டுகள் நோய் உலகில் உலவிக்கொண்டுதான் இருந்தது. 1967-இல் உலக சுகாதார நிறுவனம் தீவிர ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, பத்தே ஆண்டுகளில் கதை முடிந்தது. இரட்டை முனை கொண்ட ஒரு சின்ன ஊசி, வெயில் தாங்கும் உலர் மருந்து, நோயாளி ஒருவரைக் கண்டதும் அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் தேடித் தேடி ஊசி போடும் முறை. அவ்வளவுதான் ஆயுதம். 1980 மே 8 அன்று நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

இயற்கையாகப் பெரியம்மை வந்த கடைசி மனிதர் சோமாலியாவைச் சேர்ந்த அலி மாவ் மாலின். மெர்கா நகர மருத்துவமனையில் சமையல்காரர். அம்மை கண்ட இரண்டு குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழி காட்டக் கொஞ்ச தூரம் கூடப் போனார், தொற்றிக்கொண்டது. 1977 அக்டோபர் அது. மருத்துவமனையில் வேலை செய்தும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, வலிக்கும் என்ற பயம். பிழைத்துக்கொண்டார். வயதான பிறகு போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, குழந்தைக்குச் சொட்டு மருந்து வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரிடம் தன் கதையைச் சொல்லி வந்தார். அந்தப் பணியில் இருந்தபோதே 2013-இல் மலேரியா வந்து இறந்தார். ஒரு மனிதர், மூன்று நோய்கள்: ஒன்று அவரோடு ஒழிந்தது, ஒன்றை ஒழிக்கப் போனார், ஒன்று அவரைக் கொண்டுபோனது. பறக்கும் கார் கேட்ட தம்பிகள் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் நல்லது.

மாடுகளின் கொள்ளைநோயான வெக்கை நோயும் 2011-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆக, மனிதன் உலகிலிருந்தே துடைத்தெறிந்த நோய்கள் இதுவரை இரண்டு. மூன்றாவதாக எது போகும் என்பதில்தான் இப்போது போட்டி.

நரம்புச்சிலந்திக்கு வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். இளையவர்கள் பலர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். காலை உணவோடு செய்தித்தாள் படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். குளம் குட்டைகளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீர்ப்பூச்சிகள் இருக்கும். அவற்றுக்குள் இந்தப் புழுவின் குஞ்சுகள் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் குஞ்சு உடலுக்குள் போய், ஏறக்குறைய ஓராண்டில் ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். அப்புறம் பெரும்பாலும் காலில் ஒரு கொப்புளமாகக் கிளம்பி, தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நெருப்பு வைத்தது போல எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால், அந்தக் கணமே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அந்த நீரில் விட்டுவிடும். மறுபடி முதலிலிருந்து. புழுவை வெடுக்கென்று இழுக்கவும் முடியாது, அறுந்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சில சென்டிமீட்டராக, வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். பண்டைய எகிப்திய மம்மி ஒன்றின் உடலிலும் இந்தப் புழு கிடந்தது. அவ்வளவு பழைய எதிரி.

இதற்குத் தடுப்பூசி கிடையாது, குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. ஆனாலும் 1986-இல் ஆண்டுக்கு 35 லட்சம் பேரைப் பிடித்த நோய், 2024-இல் உலகம் முழுக்கச் சேர்த்து 15 பேருக்குத்தான் வந்தது. 15 லட்சம் இல்லை, 15 பேர். செய்தது என்ன? குடிநீரை நெருக்கமான துணியில் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே போகிறவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வடிகட்டிக் குழாய் கொடுத்தார்கள். புழு வெளிவரும் ஆளைக் குளத்தில் இறங்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள். நீர்ப்பூச்சியைக் கொல்லும் மருந்தைக் குட்டையில் ஊற்றினார்கள். இதையே ஊர் ஊராக, ஆண்டுக்கணக்கில், ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். செவிலியர் வேலை என்பது முக்கால்வாசி இதுதான், சொன்னதையே சலிக்காமல் சொல்வது. அதனாலேயே இந்தக் கதையில் எனக்கு ஒரு தனிப் பெருமை.

இதன் பின்னால் நின்றவர் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர். 2015-இல் தனக்குப் புற்றுநோய் என்று அறிவித்த கூட்டத்தில், தான் சாவதற்கு முன் கடைசி நரம்புச்சிலந்திப் புழு செத்துவிட வேண்டும் என்று தன் ஆசையைச் சொன்னார். உங்கள் கேள்விக்கு இதைவிடச் சரியான பதிலை நான் கேட்டதில்லை. 2024 டிசம்பர் 29 அன்று நூறு வயதில் அவர் இறந்தார். ஆசை மயிரிழையில் தவறியது. தடையாக நின்றது நாய்கள். சாட் நாட்டில் இந்தப் புழு நாய்களின் உடலிலும் ஏராளமாக இருப்பது 2012 முதல் தெரியவந்தது. மனிதருக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். நாயிடம் குளத்தில் இறங்காதே என்று எப்படிச் சொல்வது? கட்டிப்போட வேண்டியிருக்கிறது. கட்டிப்போடுகிறார்கள்.

"15 பேர்தானே மிச்சம், விட்டுவிடலாமே. அந்தப் பணத்தையும் ஆட்களையும் பெரிய நோய்களுக்குத் திருப்பலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு இலங்கையின் மலேரியாக் கதையைச் சொல்வேன். கொசு மருந்து அடித்து அடித்து, 1963-இல் அந்த நாட்டில் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர் என்ற நிலைக்கு வந்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 69-இல் மலேரியா திரும்பி வந்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு. பதினேழு எங்கே, ஐந்து லட்சம் எங்கே! நெருப்பிலும் கடனிலும் பகையிலும் மிச்சம் வைக்காதே என்பார்கள்; நோயையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். அதே இலங்கை மறுபடி அடியிலிருந்து தொடங்கி, இடையில் நீண்ட போர்க்காலத்தையும் தாண்டி, 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றது. அரை நூற்றாண்டு தாமதம். அந்த இடைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தவர்களை யார் கணக்கில் எழுதுவது?

போலியோ இப்போது அந்தப் பதினேழு பேர் கட்டத்தில்தான் நிற்கிறது. 1988-இல் 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகளை முடக்கிய வைரஸ் அது. இயற்கையான வைரஸின் மூன்று வகைகளில் இரண்டாம் வகை 2015-இலும் மூன்றாம் வகை 2019-இலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டன. மிச்சமிருக்கும் முதல் வகை ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் இரண்டிலும்தான் இன்னும் வேரோடியிருக்கிறது. இதில் ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். பல குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேராத இடங்களில் அது ஆளிலிருந்து ஆளுக்குப் பரவி, நாளடைவில் மாறி, மறுபடி முடக்கும் வலிமையைப் பெற்றுவிடுவது உண்டு. இதற்கும் தீர்வு எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுப்பதுதான், நிறுத்துவது அல்ல. பாதிக் கிணறு தாண்டுவதில் உள்ள ஆபத்து இதுதான்.

கருவிகளை விரும்பும் வாசகர்களுக்காக ஒன்று. சொட்டு மருந்துக் குப்பியின் மேல் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு வெளிர் சதுரமும் அச்சிட்டிருக்கும். குப்பி வெப்பத்தில் கிடந்தால் சதுரம் மெல்லக் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் மருந்து வீண், தூக்கிப் போட வேண்டியதுதான். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டாம். 1996-இல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் குளிர்பெட்டியின் ஐஸ் உருகியிருக்கிறதா என்று பார்த்து, ஊகத்தில்தான் முடிவு எடுப்போம். சந்தேகம் வந்தால் நல்ல மருந்தையும் கொட்டுவோம். நான் பார்த்த தொழில்நுட்பங்களில் மிக அழகானது எது என்று கேட்டால் அந்தச் சதுரத்தைத்தான் சொல்வேன்.

தட்டம்மையைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் தடுப்பூசி வருவதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் 26 லட்சம் பேர் இதில் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில் இறக்கிறார்கள். மருந்து இல்லாமல் இல்லை, இரண்டு ஊசியில் முடிகிற விஷயம். ஆனால் இவ்வளவு வேகமாகப் பரவும் நோய் வேறு எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அடங்கும். 90 போதாது. பணக்கார நாடுகளிலேயே அந்த 95 நழுவுகிறது. 1998-இல் ஒழித்துவிட்ட கனடா, 2025 நவம்பரில் 'தட்டம்மை ஒழிந்த நாடு' என்ற தகுதியை இழந்தது. பெற்றோர்கள் கெட்டவர்களா? இல்லை. அவர்கள் அந்த நோயைக் கண்ணால் பார்த்ததில்லை, அவ்வளவுதான். நுரையீரல் அழற்சியில் மூச்சுக்குத் திணறும் குழந்தையைப் பார்த்திருந்தால், கைபேசியில் வரும் வதந்தியை நம்பியிருக்க மாட்டார்கள். நோய் கண்ணிலிருந்து மறைய வேண்டும் என்று கேட்கிறேன். மறைந்ததும் ஊசி எதற்கு என்கிறார்கள். என் ஆசைக்குள்ளேயே இருக்கும் இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

வெறிநாய்க்கடி நோயாளி ஒருவரை, பணியில் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன். தாகத்தில் நாக்கு வறண்டிருந்தது. தம்ளரைக் கையில் எடுத்ததுமே தொண்டை இழுத்துக்கொண்டது. நினைவு தெளிவாக இருந்த நேரங்களில் எங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், தொந்தரவு கொடுப்பதற்காக. அறிகுறி வந்த பிறகு மருத்துவத்தால் செய்ய ஏறக்குறைய ஒன்றுமில்லை. அறிகுறி வருவதற்கு முன்னால் செய்ய எல்லாமே இருக்கிறது: கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது, தாமதிக்காமல் தடுப்பூசி, ஆழமான கடி என்றால் கூடவே காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத மருந்து. லூயி பாஸ்டர் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டது 1885-இல். இத்தனை காலம் ஆகியும் ஆண்டுக்குச் சுமார் 59 ஆயிரம் பேர் இதில் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள். மனிதருக்கு வருவதில் 99 சதவீதம் நாயிடமிருந்து. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் தொடர் அறுந்துவிடும் என்பது தெரிந்த விஷயம். நாயைக் கொல்வதால் நோய் நிற்காது. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வந்து சேரும். 2030-க்குள் நாய் மூலம் வரும் மனித மரணம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று உலக இலக்கு வைத்திருக்கிறார்கள். இப்போதைய வேகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. வௌவாலிலும் காட்டு விலங்கிலும் அந்த வைரஸ் இருப்பதால் பெரியம்மையைப் போல அடியோடு துடைக்கவும் முடியாது. ஆனால் நாயையும் மனிதனையும் அதிலிருந்து பிரித்துவிடலாம். எனக்கு அது போதும்.

ரணஜன்னியை (டெட்டனஸ்) ஏன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று என் பழைய சகாக்கள் கேட்பார்கள். அந்தக் கிருமி மண்ணில் வாழ்கிறது. மண் உள்ளவரை அதுவும் இருக்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஊசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நடக்காததைக் கேட்பதில் எனக்கு விருப்பமில்லை.

அதற்காக நான் ஆகாயத்தைப் பார்க்காதவள் என்று நினைத்துவிடாதீர்கள். 2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் என்ற விண்கல், தரையிலிருந்து சுமார் 32 ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில், தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் பலவற்றைவிடக் கிட்டத்தில் கடந்து போகும். மோதாது. சில நாடுகளில் வெறும் கண்ணுக்கே தெரியுமாம். அதையும் பார்க்க ஆசைதான். 2061-இல் வரும் ஹாலி வால்நட்சத்திரம் எனக்கு இல்லை, பேத்தி பார்த்துக்கொள்ளட்டும். சாகா மருந்து கேட்ட அன்பருக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஐயா, முதலில் ஐந்து வயதைத் தாண்டாத குழந்தைகள் தாண்டட்டும். 2023-இல் மட்டும் 48 லட்சம் குழந்தைகள் அந்த வயதுக்குள் இறந்திருக்கிறார்கள். 1990-இல் இது ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேல். அவர்கள் வரிசையில் நமக்கு முன்னால் நிற்பவர்கள்.

சரி, ஆசிரியரிடம் என் கோரிக்கை. நோய் பரவினால் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், அது உங்கள் கடமை. நோய் குறைந்தால் எங்குமே வருவதில்லை. நடக்காத ஒன்றுக்கு நிருபர் போக மாட்டார், புகைப்படமும் கிடைக்காது. நரம்புச்சிலந்தி எத்தனை பேருக்கு வந்தது என்ற முந்தைய ஆண்டின் கணக்கை வழக்கமாக ஜனவரியில் வெளியிடுவார்கள். அந்த ஒரு எண்ணையும், கூடவே போலியோ எண்ணையும், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சின்னக் கட்டத்துக்குள் போடுங்கள். கிரிக்கெட் ஸ்கோருக்குக் கொடுக்கும் இடத்தில் கால்வாசி போதும். எண் கூடினாலும் போடுங்கள், குறைந்தாலும் போடுங்கள். அது பூஜ்யமாகும் ஆண்டில் மட்டும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் விண்கல்லையும் குப்பியின் சதுரத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள், வருத்தப்பட மாட்டேன். இலங்கை பற்றிய பத்தியில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நீண்டநாள் வாசகி